ஐந்தாண்டில் இரண்டு பட்டம்: மிச்சமாகும் ஆண்டு எங்கிருந்து வருகிறது?

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: உளவியலில் இளங்கலையையும் ஆலோசனை (கவுன்சலிங்) துறையில் முதுகலையையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் படிப்புகள் இருக்கின்றனவே, அவற்றில் சேர்ந்தால் ஓராண்டு மிச்சம் என்கிறார்களே, முடித்த கையோடு ஆலோசகராகத் தொழில் தொடங்கிவிடலாமா, ஆன்லைனில் படித்தாலும் செல்லுமா என்று. இதற்குள் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. காலம் நிஜமாகவே மிச்சமாகுமா; பட்டம் கைக்கு வந்தால் தொழில் செய்யும் அனுமதியும் கூடவே வந்துவிடுமா; பதினேழு பதினெட்டு வயதில் எடுக்கும் ஒரு முடிவில் ஐந்தாண்டுக்குத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வது சரியா. கேட்டவர் முதலாவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதில் அவருக்குப் பெரிய சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. கவலைப்பட வேண்டியதோ அதைப் பற்றித்தான்.

நான் ஆலோசனைத் துறை முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அவர்களுடைய களப்பயிற்சிக்கு மேற்பார்வையாளராகவும் பல ஆண்டுகளாக இருந்துவருகிறேன். சேர்க்கை நேர்காணல்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஆராய்ச்சி உளவியல், நரம்பு உளவியல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வதில் கொஞ்சம்தான் பொருந்தும். எந்த நாட்டில் படிக்கப்போகிறார் என்பதையும் கேட்டவர் சொல்லவில்லை. இந்தத் துறையில் நாட்டைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது என்பதால் சில நாடுகளின் விதிகளைத் தொட்டுக்கொண்டே போகிறேன்.

ஒருங்கிணைந்த படிப்பு என்ற பெயரில் விற்கப்படுவது எல்லா இடத்திலும் ஒரே சரக்கல்ல. இந்தியப் பல்கலைக்கழகங்களில் அது பெரும்பாலும் ஐந்தாண்டுக்கும் ஒரே சேர்க்கை, ஒரே பாடத்திட்டம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்றாண்டு இளங்கலைக்குப் பின் இரண்டாண்டு, நான்காண்டுக்குப் பின் ஓராண்டு, நேரடியாக ஐந்தாண்டு என்று மூன்று வழிகளுக்கும் இடம் விட்டிருக்கிறது. அமெரிக்காவில் வேறு ஏற்பாடு: இளங்கலையின் பிற்பகுதியில் சில முதுகலைப் பாடங்களை எடுத்தால் அவை இரண்டு பட்டங்களின் கணக்கிலும் ஏறும். பிரிட்டனில் நான்காண்டு ஒருங்கிணைந்த முதுகலை உண்டு. அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தில் பட்டய உறுப்பினராவதற்கான அடிப்படைத் தகுதியை அது தரும்; ஆனால் அந்தத் தகுதி அங்கீகாரமுள்ள மூன்றாண்டு இளங்கலைக்கே கிடைத்துவிடும். நான்காவது ஆண்டு ஆராய்ச்சிக்குக் கைகொடுக்கும், ஆலோசகராக்கிவிடாது.

மிச்சமாகும் ஆண்டைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அமெரிக்க இளங்கலை பொதுவாக 120 கிரெடிட்; கிரெடிட் என்பது பாடச் சுமையை அளக்கும் அலகு. ஆராய்ச்சி நோக்கிலான உளவியல் முதுகலை 30 முதல் 36 கிரெடிட் வரை இருக்கும். இரு கணக்கிலும் ஏறும் பாடங்கள் 12 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், நான்காண்டு முடிவில் பாக்கி நிற்பது 18 முதல் 24. ஓராண்டில் முடித்துவிடலாம், இங்கே சொன்ன சொல் சரி. ஆலோசனைத் துறை முதுகலை அப்படியல்ல. அங்கே இத்துறைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கேக்ரெப் என்ற அமைப்பு, 1981-இல் தொடங்கியது, குறைந்தது 60 கிரெடிட் கேட்கிறது. 12 கழித்தாலும் 48 நிற்கும். முதுகலையில் ஒரு செமஸ்டருக்கு 9 முதல் 12 கிரெடிட் எடுத்தாலே முழுச் சுமை. ஆக இன்னும் நான்கைந்து செமஸ்டர் வேண்டும். கோடை விடுமுறைகளையும் படிப்புக்கே கொடுத்தால் ஒன்றரை ஆண்டுக்குள் இழுத்துப் பிடிக்கலாம். நான்கு கூட்டல் ஒன்று என்று வரும் விளம்பரம் உளவியல் முதுகலைக்கு என்றால் நம்பலாம். உரிமம் பெறத்தக்க ஆலோசனைப் பட்டத்துக்கு என்றால், எதை வெட்டினார்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வெட்ட முடியாதது களப்பயிற்சி. அதே அங்கீகார விதிப்படி, முதலில் 100 மணி நேரப் பயிற்சி. அதில் 40 மணி நேரமாவது ஆலோசனை நாடி வந்தவருடன் நேரில் இருக்க வேண்டும். பிறகு 600 மணி நேர இன்டர்ன்ஷிப். அதில் 240 மணி நேரம் நேரடி ஆலோசனை. இத்தனைக்கும் நடுவில் வாரந்தோறும் சராசரியாக ஒரு மணி நேரத் தனி மேற்பார்வையும் ஒன்றரை மணி நேரக் குழு மேற்பார்வையும் நடக்க வேண்டும். 600 மணி நேரத்தைப் பதினைந்து வார செமஸ்டர் ஒன்றுக்குள் திணித்தால் வாரத்துக்கு 40 மணி நேரம் வருகிறது. இரண்டு செமஸ்டருக்குப் பிரித்தால் 20. முன்னது காகிதத்தில் சாத்தியம். ஆனால் ஒரு மையத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவருக்கு முதல் சில வாரங்கள் அமர்வு ஒதுக்கவே மாட்டார்கள். ஒதுக்கினாலும் வருவதாகச் சொன்னவர்களில் சிலர் வரமாட்டார்கள். நேரடி மணி நேரம் சேராமல் செமஸ்டர் முடிவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் மாணவர்களை நான் பார்க்காத ஆண்டு இல்லை.

அதனால் இரு கணக்கிலும் ஏறும் பாடங்கள் எத்தனை என்று கேட்பதைவிட, எவை என்று கேளுங்கள். ஆலோசனை முதுகலையின் அடித்தளமாக வைக்கப்படுபவை எட்டுத் துறைகள்: தொழில் நெறியும் அறமும், சமூக–பண்பாட்டு வேறுபாடுகள், மனித வளர்ச்சி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டல், ஆலோசனை உறவும் திறன்களும், குழு ஆலோசனை, மதிப்பீடு, ஆராய்ச்சி. இவற்றில் மனித வளர்ச்சியும் ஆராய்ச்சி முறைகளும் இளங்கலை உளவியலிலேயே பாதி படித்தாகிவிட்டவை. அவற்றை முன்கூட்டி முதுகலைத் தரத்தில் எடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. புள்ளியியலில் கெட்டிக்கார மாணவருக்கு அது வசதியும்கூட. ஆலோசனைத் திறன்கள், குழு ஆலோசனை, தொழில் அறம் ஆகிய மூன்றையும் இளங்கலை மூன்றாம் ஆண்டிலேயே முடித்துக் கணக்கில் ஏற்றிவிடுகிற திட்டம் என்றால் எனக்கு உடன்பாடில்லை. அவை எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும் காலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. ரகசியம் காப்பதன் எல்லை எது என்று தேர்வில் எழுதுவது சுலபம். எதிரில் இருப்பவர் "இதை யாரிடமும் சொல்லமாட்டீர்கள் அல்லவா?" என்று கேட்டுவிட்டுத் தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைச் சொல்லத் தொடங்கும்போதுதான் அந்தப் பாடம் உண்மையில் ஆரம்பமாகிறது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பட்டம் வேறு, உரிமம் வேறு. அமெரிக்காவில் ஆலோசகர்களுக்கான உரிமச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது வர்ஜீனியா, 1976-இல். கடைசி மாநிலம் கலிஃபோர்னியா, 2009-இல். இன்று ஐம்பது மாநிலங்களிலும் உரிமம் உண்டு. அதற்கு முதுகலை ஒரு படி மட்டுமே. அதன் பிறகு தேர்வும், மேற்பார்வையில் செய்யும் பணி நேரமும் வேண்டும். அந்த நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; பல இடங்களில் 3,000 மணி நேரம் அளவில் இருக்கும், அதாவது கிட்டத்தட்ட இரண்டாண்டு வேலை. அந்த இரண்டாண்டை எந்த ஒருங்கிணைந்த படிப்பும் குறைக்காது. உளவியலாளர் என்ற பெயரில் தனியே தொழில் செய்ய அங்கே பெரும்பாலும் முனைவர் பட்டமே தேவை. பிரிட்டனில் 2009 முதல் மருத்துவ உளவியலாளர், ஆலோசனை உளவியலாளர் போன்ற பட்டப்பெயர்கள் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. ஆலோசகர் என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு இல்லை என்பதால் யாரும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்று மகிழ வேண்டாம். வேலை கொடுப்பவர்கள் தொழில்முறைச் சங்கங்களின் உறுப்பினர் தகுதியைக் கேட்பார்கள். அந்தச் சங்கங்கள் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி நேரத்தைக் கேட்கும். சுற்றி வந்தாலும் அதே வாசலுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் உளவியலாளராகப் பதிவு பெறுவது தேசிய வாரியத்தின் கையில் இருக்கிறது. நான்காண்டுப் படிப்புக்குப் பின் இரண்டாண்டு இன்டர்ன்ஷிப் செய்து பதிவு பெறும் பழைய வழி 2022-இல் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. இப்போது ஐந்தாவது ஆண்டு முதுகலையும் அதன்பின் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் ஒரு வழி, ஆறாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு இன்னொரு வழி. ஜெர்மனியில் 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் உளசிகிச்சையாளர் பாதையை இளங்கலை, அதற்கென்றே வகுத்த முதுகலை, அரசுத் தேர்வு என்று கோத்துவிட்டது. அங்கே இளங்கலையிலேயே சரியான பாடங்களை எடுக்காதவர் பின்னால் நுழைய முடியாமல் திணறுவார். இத்தாலி 2021-இல் சட்டமியற்றிப் பயிற்சியை முதுகலைக்குள்ளேயே வைத்து, உளவியலாளராகப் பணிபுரியும் தகுதியையும் அந்தப் பட்டத்தோடு இணைத்துவிட்டது. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, பதிவில்லாமல் ஆலோசகர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ஆலோசனை இளங்கலையை வைத்தே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே தொழில் செய்வதுதான் நோக்கம் என்றால், முதுகலையோடு பிணைத்த படிப்புக்கு அவசரமே இல்லை.

இந்தியா கொஞ்சம் சிக்கல். மருத்துவ உளவியலாளர் யார் என்பதில் குழப்பமில்லை: 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தரும் வரையறையும், முதுகலைக்கு மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு எம்.ஃபில் படிப்பைச் சொல்கிறது. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த உளவியல் பட்டம், அதன் பெயரில் ஆலோசனை என்ற சொல் இருந்தாலும், அந்த இடத்தை நிரப்பாது. ஆலோசகர்கள் நிலை வேறு. நெடுங்காலம் அவர்களுக்கென்று ஒரு பொதுவான உரிமமே இருக்கவில்லை. இணை மருத்துவப் பணியாளர்களுக்கான 2021-ஆம் ஆண்டு தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ உளவியலாளர் நீங்கலான பிற உளவியலாளர்களையும் நடத்தை நல ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நீங்கள் சேரும் ஆண்டில் இருக்கும் விதி, ஐந்தாண்டு கழித்து வெளியே வரும்போது அப்படியே இருக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். நான்கு கூட்டல் ஒன்றோ நேரடி ஐந்தோ எதுவானாலும், அந்த ஆணையத்தின் பாடத்திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக வரும் "எல்லாம் ஆகிவிடும்" என்ற பதிலை ஆகாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது வயதுக்கு, என்னிடம் சட்டமோ எண்ணோ இல்லை. பயிற்சி அறையில் பார்த்ததுதான் இருக்கிறது. எங்கள் மாணவர்கள் அமர்வின் ஒரு பகுதியைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டுவர வேண்டும். தாளின் இடப்பக்கம் இருவரும் பேசியது; வலப்பக்கம் அந்த நேரத்தில் மாணவரின் மனத்தில் ஓடியது. இளங்கலையிலிருந்து இடைவெளியில்லாமல் வந்த ஒரு மாணவியின் தாளில் இப்படி இருந்தது. வந்தவர்: "அப்பா போனதிலிருந்து வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை." மாணவி: "துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் இப்போது இரண்டாவதில் இருக்கலாம்." வந்தவர்: "ஓ, அப்படியா." அதற்கு நேரே வலப்பக்கத்தில் மாணவியே எழுதியிருந்தார்: ‘ஏதாவது சொல்லியாக வேண்டும். சும்மா இருந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்.’ அந்த ஐந்து கட்டக் கருத்தே சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி உருவானது; உறவை இழந்தவர் அந்த வரிசையில்தான் நகர்வார் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. ஆனால் எங்கள் பேச்சு அதைப் பற்றி நடக்கவில்லை. "ஓ, அப்படியா" என்ற இரண்டு சொற்களைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசினோம். வந்தவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார், பாடம் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அந்த மாணவி பின்னால் நன்றாகவே தேறினார். தேற்றியது வயது என்று சொல்லமாட்டேன். ஆண்டு முழுவதும் வாரம் தவறாமல் ஒரே மேற்பார்வையாளரிடம் இப்படித் தாளை விரித்துவைத்து உட்கார்ந்ததுதான். நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வருபவர்களும் இதே பிழையைச் செய்கிறார்கள். அவர்கள் பாடப்புத்தகத்துக்குப் பதிலாகத் தங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து அறிவுரை எடுத்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இளையவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிரமம் உண்டு. பெற்றோர் வயதில் இருப்பவர் எதிரில் வந்து உட்கார்ந்து, "உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டால் அதற்கு என்ன செய்வது என்று பழக வேண்டும். அது பழகக்கூடியதுதான். என் பார்வையில், ஒருங்கிணைந்த படிப்பில் சேர்வதா வேண்டாமா என்பதை வயதை வைத்து முடிவுசெய்ய வேண்டியதில்லை. மேற்பார்வை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவுசெய்யலாம். இது என் கருத்து; இதே வேலையில் இருக்கும் நண்பர்கள் சிலர், இடையில் ஓரிரண்டு ஆண்டு வெளியே வேலை பார்த்துவிட்டு வருபவர்களையே விரும்புகிறார்கள்.

மனம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உளவியல் என்று நினைத்து வருபவர்களில் பலர், முதல் ஆண்டிலேயே புள்ளியியலும் ஆய்வு முறைகளும் மூளையின் உயிரியலும் வரிசைகட்டி நிற்பதைக் கண்டு மிரண்டுபோகிறார்கள். சிலர் நேர்மாறாக, ஆராய்ச்சியில் மயங்கி ஆலோசனையை மறந்துவிடுகிறார்கள். அவர்களும் நல்லவிதமாகத்தான் மாறியிருக்கிறார்கள். மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டு முடிவில் இளங்கலைப் பட்டத்தோடு வெளியேற வழி இருக்கிறதா, அல்லது ஐந்தாண்டும் முடித்தால்தான் இரண்டையும் தருவார்களா என்பதுதான் விளக்கக் குறிப்பேட்டில் முதலில் தேட வேண்டிய வரி. வழியில்லை என்றால் நான் என் வீட்டுப் பிள்ளையை அதில் சேர்க்கமாட்டேன். முதுகலைக் கட்டத்துக்குள் நுழைய மதிப்பெண் வரம்பு இருக்கிறதா, அதைத் தவறவிட்டவர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் மாணவர் உதவித்தொகை வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இளங்கலை மாணவர் என்ற நிலை முடிந்து முதுகலை மாணவர் என்ற நிலை தொடங்கும் நாளில் சில உதவிகள் நின்றுவிடும். வெளிநாட்டில் பட்டத்தை மதிப்பிடுபவர்கள் இரு கணக்கில் ஏறிய கிரெடிட்டை ஒரு முறைதான் எண்ணுவார்கள் என்ற வாய்ப்பும் உண்டு. இரண்டு பட்டமும் தனித்தனிச் சான்றிதழாக, தனித்தனி மதிப்பெண் பட்டியலோடு வருவது நல்லது.

முனைவர் பட்டம்தான் இறுதி இலக்கு என்று இப்போதே தெரிந்தால் கணக்கு மாறும். அமெரிக்காவில் உளவியல் முனைவர் படிப்புகள் பலவற்றுக்கு இளங்கலை முடித்தவர்களே நேராக விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு இடையில் ஒரு ஆலோசனை முதுகலை தேவையில்லை, ஆய்வகத்தில் செலவிட்ட ஈராண்டு அதைவிட எடை கூடியது. ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுகலை இல்லாமல் முனைவர் வாசலில் நிற்கவே முடியாது. வேலைக்கு எடுப்பவர்கள் ஒருங்கிணைந்த பட்டத்தைக் குறைவாக மதிப்பார்களோ என்ற அச்சத்தை மாணவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, நேர்காணலில் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை; எங்கே பயிற்சி எடுத்தாய், யார் மேற்பார்வையிட்டார், எத்தகைய பிரச்சினைகளோடு வந்தவர்களைப் பார்த்தாய் என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகவே ஆலோசகராவதில் இப்போதே தெளிவாக இருந்து, தொழில் செய்யப்போகும் நாடும் தெரிந்து, அந்த நாட்டின் பதிவு விதியோடு படிப்பு பொருந்தி, நடுவில் விலகவும் கதவு திறந்திருந்தால், தயங்காமல் சேருங்கள். இவற்றில் நாடு மட்டும் தெரியவில்லை என்றால் சாதாரண உளவியல் இளங்கலையில் சேர்ந்து, கூடவே மானுடவியலோ இலக்கியமோ ஏதாவதொன்றை ஆசைக்குப் படியுங்கள். ஐந்தாண்டை நெருக்கிக் கட்டும் படிப்புகளில் முதலில் காணாமல் போவது இப்படிப்பட்ட விருப்பப் பாடங்கள்தான். ஓர் ஆலோசகருக்கு அவை வீண் என்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக ஆன்லைன். இந்தியாவில் இதற்கு விடை வந்துவிட்டது: 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு தடுத்துவிட்டது. அதற்குப் பின்னும் அப்படி ஒரு சேர்க்கை விளம்பரம் கண்ணில் பட்டால் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் ஆன்லைன் ஆலோசனை முதுகலைகள் சிலவற்றுக்கு முழு அங்கீகாரம் இருக்கிறது. ஆனால் வகுப்புதான் திரையில் நடக்கும். களப்பயிற்சிக்கு மாணவர் தன் ஊரிலேயே ஒரு மையத்தில் சேர வேண்டும், அந்த மையத்தைத் தேடிப் பிடிக்கும் வேலையும் பெரும்பாலும் மாணவர் தலையில்தான் விழும். அப்படியொரு படிப்பைப் பரிசீலித்தால், கடந்த ஆண்டு மாணவர்கள் எந்தெந்த மையங்களில் பயிற்சி எடுத்தார்கள் என்ற பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்திடம் கேளுங்கள். நல்ல துறைகள் அதை மறுநாளே அனுப்பிவிடும்.